பூனையும் புதுமனையும்

தொழில் வளரும் ஊர்களில் மக்கள் குடிபெயர்தல் இயல்பு. திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை உள்ளது. அங்குள்ள ஆலைகளில் பணிபுரிய வருவோர் பலர் வாடகை வீடுகளில் வாழ்கின்றனர். வேலை மாறின் வீடும் மாறுகின்றனர். அவ்வாறு பெயர்வோருள் சிலர், வளர்த்த பூனையை விட்டுச் செல்வர்; சிலர் உடன்கொண்டு சென்று, அன்றே வெளியில் திரிய விடுவர். இவ்விரண்டும் அதற்குத் தீங்கே.

பூனைக்கு வீடாவது சுவரும் கூரையும் மட்டும் அன்று, மணமும் ஆகும். அதன் கன்னத்திலும் மோவாயிலும் உள்ளங்காலிலும் மணச் சுரப்பிகள் உள்ளன. கதவிலும் கட்டிற்காலிலும் அது முகத்தை உரசும்போது தன் மணத்தை அவற்றின்மேல் இடுகின்றது. நம் மூக்கிற்கு எட்டாத அம்மணமே, 'இஃது உன் இடம்; அஞ்சாதே' என அதற்கு அறிவிக்கின்றது. புதுமனையில் அவ்வடையாளம் இல்லை. ஆதலின் பூனை கட்டிலின் அடியில் ஒளியும், உணவை மறுக்கும், இரவில் கத்தும், கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கும். இவை குறும்பல்ல, அச்சத்தின் குறிகள். இதனை அறியாது அடித்தல் பேதைமை அன்றோ?

நெதர்லாந்து நாட்டின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர், காப்பகத்திற்குப் புதிதாக வந்த பூனைகளுள் சிலவற்றிற்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி அளித்தனர். பெட்டி பெற்றவை மற்றவற்றினும் விரைவில் அமைதியுற்றன. இவ்வாய்வு 2014-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

ஆகவே, புதுவீட்டில் பூனைக்கு முதலில் ஓர் அறையை ஒதுக்குக. அது படுத்த பழந்துணியைத் துவைக்காமல் அங்கே விரித்து, அருகே ஓர் அட்டைப்பெட்டியை வைத்திடுக. உணவும் உண்ணும் வேளையும் முன்போலவே இருத்தல் வேண்டும். இரண்டு மூன்று வாரங்கள் வெளியே விடலாகாது. விடின், பழைய வீட்டைத் தேடிப் புறப்படும். கும்மிடிப்பூண்டி வழியே சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலை செல்கின்றது. லாரிகள் விரையும் அச்சாலையைக் கடக்கும் பூனை பிழைத்தல் அரிது.

ஒரு நாளுக்கு மேல் உண்ணாத பூனையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். ஆண்பூனை முக்கியும் சிறுநீர் வாராதிருப்பின் சிறிதும் தாழ்த்தலாகாது. அவ்வடைப்பு ஓரிரு நாளில் உயிரைப் போக்கும்.

வீடு மாறுவது நம் தேவை. பூனையைக் கேட்டு மாறுவார் இலர். ஆதலின் அதன் அச்சம் தணியுமளவும் பொறுத்திருத்தல் நம் கடனாகும்.