சொந்தமாகப் புத்தகம் போடும் இளையவர்களுக்கு

சொந்தக் காசில் புத்தகம் போடுவதைக் குறைவான காரியமாக யாராவது பேசினால் காதில் வாங்காதீர்கள். சி.சு.செல்லப்பா தம் எழுத்து பிரசுரத்தின் புத்தகங்களைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். மூன்று பாகங்கள் கொண்ட ‘சுதந்திர தாகம்’ நாவலை 1997இல், 85 வயதில், தாமே வெளியிட்டார். மறு ஆண்டு மறைந்தார். சாகித்திய அகாதெமி விருது அந்த நாவலுக்கு 2001இல் வந்தது. அவர் எழுத்தாளராக மட்டும் இருக்கவில்லை, பதிப்பாளரின் உழைப்பு முழுவதையும் தம் தலையில் ஏற்றுக்கொண்டார். அந்த உழைப்புக்கு மனமில்லாதவர்கள் இந்த வழிக்கு வர வேண்டாம். மனமிருப்பவர்களுக்குச் சொல்ல எனக்குச் சில விஷயங்கள் உண்டு.

1. ஜனவரியைப் பார்த்து எழுதாதீர்கள். சென்னைப் புத்தகக் காட்சிக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் கெட்டுப்போகும் புத்தகங்கள் ஏராளம். நவம்பர், டிசம்பரில் அச்சகத்திலும் நெருக்கடி, மெய்ப்புப் பார்ப்பவருக்கும் நெருக்கடி. செப்டம்பரில் பிரதி முடியவில்லையா, அந்த ஜனவரியை விட்டுவிடுங்கள். ஆகஸ்டில் ஈரோடு இருக்கிறது, மதுரையும் கோவையும் இருக்கின்றன.

2. எடிட்டிங் வேறு, மெய்ப்புத் திருத்தம் வேறு. கதை எங்கே தொய்கிறது, எந்த அத்தியாயம் வேண்டாதது என்று சொல்பவர் ஒருவர். ஒற்று, எழுத்துப்பிழை, பெயர் மாறாட்டம் பார்ப்பவர் இன்னொருவர். இருவருக்கும் பணம் கொடுங்கள். நண்பர் இலவசமாகப் பார்த்துத் தந்தால் நன்றி சொல்லலாம், குறை சொல்லிக் கேட்க முடியாது. அட்டையை ஆடம்பரமாக்க ஒதுக்கிய பணம் இருந்தால் அதையும் இங்கே கொண்டுவாருங்கள்.

3. இது சின்ன விஷயமாகத் தோன்றும், பின்னால் பெரிய தலைவலியாகும். நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுப்பீர்கள். லேஅவுட் செய்பவர் பழைய எழுத்துருவுக்கு மாற்றிக்கொண்டால், மூன்று முறை மெய்ப்புப் பார்த்துப் போட்ட திருத்தமெல்லாம் அவருடைய கோப்பில்தான் இருக்கும். ஒரு வருடம் கழித்து மின்நூல் போட உட்காரும்போது உங்கள் கையில் இருப்பது திருத்தாத பழைய பிரதி. அவருடையதைத் திருப்பி மாற்றினால் கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ வந்து நிற்கும், ‘கௌ’ என்பது ‘கெள’ ஆகியிருக்கும். ஆகவே யூனிகோடிலேயே பக்கம் வடிவமைப்பவரைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஒவ்வொரு திருத்தத்தையும் அன்றன்றே உங்கள் கோப்பிலும் போடுங்கள். கடைசியில் அச்சுக்குப் போன பி.டி.எஃப்., பக்க வடிவமைப்புக் கோப்பு, அட்டைக் கோப்பு மூன்றையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்தது நீங்கள்.

4. ‘இவ்வளவு கட்டுங்கள், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று வருகிற திட்டங்களில் ஏமாந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். பணமும் உங்களுடையது, உரிமை மட்டும் அவர்களுக்கு என்றால் அது எந்த நியாயம்? ஒப்பந்தத்தில் காலம், நாடு, வடிவம் மூன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றித் தரும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். பதிப்புரிமையைப் பதிவு செய்தால்தான் உரிமை உண்டு என்று பயமுறுத்துவார்கள். பதிவு கட்டாயமில்லை. எழுதியதுமே உரிமை உங்களுடையது, உங்கள் காலத்துக்குப் பின் 60 ஆண்டுகள் வாரிசுகளுக்கு.

5. ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு யாருக்கும் பணம் தராதீர்கள். ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது. ஆசிரியரே விண்ணப்பிக்கலாம்.

6. முதலில் நூறு பிரதி போதும். ஆஃப்செட்டில் ஆயிரம் போட்டால் ஒரு பிரதியின் அடக்கவிலை குறையும், உண்மைதான். விற்காத எழுநூறு பிரதி கட்டிலுக்கு அடியில் கிடந்தால் அந்த லாபம் எங்கே போயிற்று? டிஜிட்டலில் குறைவாக அச்சிடுங்கள், கேட்பு வந்தால் திரும்பப் போடுங்கள். ஆஃப்செட்டுக்குப் போகும்போது ஃபாரம் கணக்கை நினைவில் வையுங்கள். 16 பக்கம் ஒரு ஃபாரம். 163 பக்கம் வந்தால் மூன்று பக்கத்தைச் சுருக்கிப் பத்து ஃபாரத்துக்குள் அடக்கலாம்.

7. விலை வைக்கக் கூச்சப்படாதீர்கள். அடக்கவிலை 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 160 ரூபாய் விலை போட்டு, கடைக்கு 40 சதவீதம் கழிவு கொடுத்தால் கையில் வருவது 96. மெய்ப்புக் கூலி, மதிப்புரைக்கு அனுப்பிய பிரதிகள், கூரியர் எல்லாம் மிச்சமுள்ள 16 ரூபாயிலிருந்து வர வேண்டும். வராது. அடக்கவிலையின் மூன்று மடங்குக்குக் கீழே இறங்காதீர்கள். நூலக ஆர்டர் வரும் என்று எண்ணிக் கணக்குப் போடவே கூடாது. வந்தால் மகிழ்ச்சி.

8. அச்சுக்குப் போகும் முன்பே விற்கத் தொடங்குங்கள். உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பிரதி வாங்கிக்கொள்வதாகப் பலரிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கித்தான் செலவைச் சமாளித்தார். இன்றைய முன்வெளியீட்டுத் திட்டம் அதேதான். உங்கள் புத்தகத்தை வாங்கக்கூடிய ஐம்பது பேரின் பெயரை எழுதுங்கள், ஒவ்வொருவருக்கும் தனியாகச் செய்தி அனுப்புங்கள். குழுவில் போடும் பொதுச் செய்தியை யாரும் தமக்கு வந்ததாக எடுத்துக்கொள்வதில்லை. மீன்பிடித் துறைமுகம் பற்றிய நாவலென்றால் இலக்கியக் கூட்டத்தைவிட அந்த ஊர்தான் உங்கள் சந்தை. அங்கே போங்கள். வெளியீட்டு விழாவுக்கு மண்டபம், பொன்னாடை, சிற்றுண்டி என்று செலவழிப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். அந்தப் பணத்தில் மதிப்புரை எழுதக்கூடியவர்களுக்குப் பிரதி அனுப்பலாம்.

9. கிண்டிலில் போடுங்கள். இந்திய விற்பனையில் 70 சதவீத உரிமைத்தொகை வேண்டுமென்றால் கிண்டிலின் கே.டி.பி. செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது, உங்கள் சொந்த வலைப்பக்கத்தில்கூட. அச்சுப் புத்தகத்துக்கு அந்தத் தடை இல்லை.

10. புத்தகம் வந்த 30 நாளுக்குள் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் மும்பை, தில்லியில் உள்ள மற்ற இரண்டு நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். 1954ஆம் ஆண்டுச் சட்டம் பதிப்பாளருக்கு விதித்த கடமை இது. பலர் செய்வதில்லை. செய்யுங்கள், உங்கள் புத்தகத்தை நூறு வருடம் கழித்துத் தேடுகிறவருக்கு அங்கேதான் கிடைக்கும்.

11. கணக்கு நோட்டு ஒன்று வையுங்கள். எந்தக் கடை, எந்தத் தேதி, எத்தனை பிரதி, ரசீது எண், வந்த பணம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய்க் கேளுங்கள். கேட்காத பணம் வராது. வாசகர் ஒருவர் பக்கம் மாறிய பிரதி வந்திருப்பதாகச் சொன்னால் அன்றே வேறு பிரதி அனுப்பிவிடுங்கள். அஞ்சல் செலவை அவரிடம் கேட்காதீர்கள். பதிப்பாளர் என்று அந்தப் புத்தகத்தில் இருப்பது உங்கள் பெயர்.