கும்மிடிப்பூண்டி எலுமிச்சைக்குக் குளிருமா?

அன்புள்ள தம்பிக்கு,

கொல்லையில் நிற்கும் எலுமிச்சைக் கன்றை மார்கழிக் குளிரிலிருந்து காப்பாற்ற, பிவிசி குழாயும் பிளாஸ்டிக் தாளும் வாங்கிச் சின்னதாக ஒரு பசுமைக்குடில் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். போடுவது சிரமமில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். ஆனால் கும்மிடிப்பூண்டியில் அந்தக் குடிலுக்கு என்ன வேலை என்று முதலில் பார்த்துவிடுவோம்.

எலுமிச்சை வெப்பநாட்டு மரம். வெப்பநிலை சுமார் 13 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும். மரம் சாகாது, சும்மா இருக்கும். பூஜ்யத்துக்கும் கீழே இரண்டு மூன்று டிகிரி இறங்கினால்தான் இலையும் இளங்கிளையும் கருகும். திசுக்களுக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாகி அவற்றைச் சிதைத்துவிடுவதே காரணம். சென்னை நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. அதுவும் 1895 டிசம்பரில் ஒருமுறை, 1905 ஜனவரியில் ஒருமுறை. கும்மிடிப்பூண்டி அதே கடலோரச் சமவெளியில்தான் இருக்கிறது. பழவேற்காட்டுப் பக்கமிருந்து காற்று வீசும் ஊரில் உறைபனிக்கு வழியே இல்லை.

உறைபனியைப் பார்க்க வேண்டுமானால் உதகைக்குப் போக வேண்டும். மேகமில்லாத, காற்றசையாத இரவில் தரையின் வெப்பம் வானத்துக்குப் போய்விடுகிறது. குளிர்ந்து கனத்த காற்று பள்ளங்களில் இறங்கித் தேங்குகிறது. விடியும்போது புல்வெளி வெளுத்துக் கிடக்கும். 1848இல் தொடங்கிய உதகை அரசு தாவரவியல் பூங்காவில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் இளஞ்செடிகள் மீது மிலார் செடிகளைப் பரப்பி மூடுகிறார்கள், காலையில் தண்ணீர் தெளிக்கிறார்கள். போர்வை வெப்பத்தை உண்டாக்குவதில்லை, மண்ணிலிருந்து எழுவதைத் தப்பவிடாமல் பிடித்து வைக்கிறது. அதனால் மூடுவது தரையைத் தொட வேண்டும். உச்சியில் மட்டும் துணியைக் கட்டினால் பயனில்லை. பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இடமே முதலில் கருகும்.

அமெரிக்காவின் புளோரிடாவில் இந்தப் பிரச்சினை ஒரு தொழிலையே இடம்பெயர்த்தது. 1894 டிசம்பரிலும் 1895 பிப்ரவரியிலும் அடுத்தடுத்து வந்த கடுங்குளிரில் ஆரஞ்சுத் தோப்புகள் பட்டுப்போயின. விவசாயிகள் மாநிலத்தின் தெற்கே நகர்ந்தார்கள். இன்று அங்கே உறைபனி இரவுகளில் நுண்தெளிப்பான்களை ஓடவிடுகிறார்கள். ஒரு கிராம் நீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 80 கலோரி வெப்பத்தை வெளிவிடும். அந்த வெப்பம் அடிமரத்தையும் கிளைகளையும் பூஜ்யத்தை ஒட்டியே நிறுத்திவைக்கிறது. பனி உருகும் முன் மோட்டாரை நிறுத்தினால் மரம் இன்னும் மோசமாகும். பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் 1684க்கும் 1686க்கும் இடையே ஆரஞ்சு மரங்களுக்கென்றே ஒரு மாளிகை கட்டினார்கள். தொட்டி மரங்கள் குளிர்காலம் முழுக்க உள்ளே, கோடையில் வெளியே. ராஜாவின் மரம் என்றால் ராஜபோகம்தான்.

அதையே கும்மிடிப்பூண்டியில் செய்தால்? ஜனவரி மாதத்துப் பகலே 29 டிகிரி அளவுக்குப் போகும். மூடிய பிளாஸ்டிக்குக்குள் அது அடுப்படிச் சூடாகிவிடும். காற்று புழங்காமல் ஈரம் தங்கும், ஈரம் தங்கினால் நோய் வரும். இன்னொன்றும் இருக்கிறது. எலுமிச்சை இனத்தைப் பூக்கத் தூண்டுவது இரண்டு: இரவுக் குளிர்ச்சி அல்லது சிறிது காலம் தண்ணீர்ப் பஞ்சம். நீ விரட்டப் பார்க்கும் மார்கழி, தை மாதக் குளிர் உன் மரத்துக்கு வேண்டிய விருந்தாளி! நீ வேலைக்குப் போகும் ரயில் பாதையிலேயே வடக்கே 100 கிலோமீட்டருக்குள் கூடூர். ஆந்திரத்தில் எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். அங்கே தோட்டங்களெல்லாம் திறந்தவெளியில்தான்.

அப்படியானால் இங்கே மரத்தைக் கொல்வது எது? தண்ணீர். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் கொசஸ்தலையாறும் நிறைந்து வரும் மாவட்டம் இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டித் தீர்த்ததை நீயே பார்த்திருப்பாய். வேர்ப்பகுதியில் சில நாள் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுத் திணறும். பிறகு பைட்டோப்தோரா பூஞ்சாணம் புகுந்து, அடிமரத்தில் பிசின் வடியத் தொடங்கும். இலை மஞ்சளாகி உதிரும்போது பலர் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுவார்கள், அதோடு மரத்தின் கதை முடியும்.

ஆகவே பிளாஸ்டிக் தாளுக்கு வைத்த பணத்தில் ஒரு வண்டி செம்மண் வாங்கு. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு அகலமான மேடு கட்டி, கன்றை அதன்மேல் வை. ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே நன்றாகத் தெரிய வேண்டும். பாத்தியைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, தெருப்பக்கம் சரிவு கொடு. மழைக்கு முன்பே அடிமரத்தில் இரண்டடி உயரத்துக்குப் போர்டோ பசை பூசிவிடு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த அந்த நீலப் பசை பூஞ்சாணத்தைத் தடுக்கும். அதைப் பிளாஸ்டிக் வாளியில் கரை, இரும்பு வாளியை மயில்துத்தம் அரித்துவிடும்.

அடுத்தது காற்று. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் கரையைக் கடந்தபோது பெரிய மரங்களே வேரோடு சாய்ந்தன. இளங்கன்றுக்கு இருபுறமும் சவுக்குக் கம்பு நட்டு, பழைய சேலைத் துணியால் தளர்வாகக் கட்டு. கம்பி வேண்டாம், பட்டையை அறுத்துவிடும். ஐப்பசிக்கு முன் உள்ளே அடர்ந்த கிளைகளைக் கழித்துவிட்டால் காற்று ஊடுருவிப் போகும்.

கோடைக்கு நிழல்வலை வேண்டும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. அந்த வெயிலில் பிஞ்சு உதிரும், மேற்குப் பக்கத்துக் காய்கள் வெந்து வெளுக்கும். நீ வாங்க நினைத்த குழாய்களை இதற்கு வைத்துக்கொள். ஏப்ரலில் மேற்கிலும் மேலேயும் 50 சதவீத நிழல்வலை கட்டி, ஆடி பிறந்ததும் கழற்றிவிடலாம். வேரடியில் சருகோ வேர்க்கடலைத் தோலோ பரப்பலாம், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி.

தொழிற்பேட்டைப் பக்கம் என்பதால் ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். சிப்காட் சாலையில் லாரிகள் கிளப்பும் புழுதி இலையில் படிந்தால் வெளிச்சம் மறைகிறது. சிலந்திப் பேனை உண்ணும் நல்ல பூச்சிகளுக்கும் அது இடைஞ்சல். மழையில்லா மாதங்களில் வாரம் ஒருமுறை விடியற்காலையில் இலைகளின் மேலும் கீழும் தண்ணீர் அடித்துக் கழுவு. சாயங்காலம் வேண்டாம், ராத்திரி முழுக்க ஈரம் நிற்கும்.

மழை ஓய்ந்ததும் இலையிலும் காயிலும் பழுப்புச் சொறி தெரிந்தால், தாக்கிய கிளைகளை வெட்டி எரித்துவிட்டு, இரண்டு மூன்று இலைகளைத் தாளில் மடித்துத் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போ. திருவள்ளூர் மாவட்டத்துக்கான நிலையம் அதுதான். போகும்போது வேரடி மண்ணும் கொஞ்சம் எடுத்துக்கொள். களி அதிகமா, உப்பு உண்டா என்று தெரிந்துகொண்டு மேட்டின் உயரம் போதுமா என்று முடிவுசெய்யலாம்.

அன்புடன்,
அண்ணன்