கொழுந்துச் சீட்டில் இருக்கும் கணக்கு

கடைக்குப் போய் மீதிச் சில்லறையைச் சரியாக வாங்கி வரும் குழந்தை, அதே கழித்தலைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் திகைத்து நிற்கிறது. இதைப் பார்க்காத தொடக்கப் பள்ளி ஆசிரியர் இருக்க மாட்டார். ஜெகதளா, காரக்கொரை, அருவங்காடு பகுதிப் பிள்ளைகளிடம் இதை நான் தினமும் பார்க்கிறேன். தேயிலை மூட்டையைத் தூக்கிப் பார்த்தே "இருபது கிலோ இருக்கும் டீச்சர்" என்று சொல்லும் நான்காம் வகுப்புப் பையன், எண்ணும் எழுத்தும் மதிப்பீட்டில் அரும்பு நிலையில் இருப்பான்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் விற்பனை செய்யும் சிறுவர்களிடம் டெரெசின்ஹா நூன்ஸ், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் ஆகிய மூவர் ஓர் ஆய்வு நடத்தி 1985இல் வெளியிட்டார்கள். கடையில் வாடிக்கையாளர் போலக் கேட்டபோது 98 சதவீத விடைகள் சரி. அதே கணக்குகளை எண்களாக எழுதிக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. ஒரு தேங்காய் 35 என்றால் பத்து எவ்வளவு என்று கேட்டதற்கு ஒரு சிறுவன் மூன்று தேங்காய்க்கு 105, இன்னும் மூன்றுக்கு 210 என்று கூட்டிக்கொண்டே போய் 350ஐ அடைந்தான். 'பத்தால் பெருக்க ஒரு பூஜ்யம் சேர்' என்ற பள்ளி வழி அவனுக்குத் தேவைப்படவில்லை. 2025இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களிடம் நடத்திய ஆய்வு 'நேச்சர்' இதழில் வந்தது. அவர்கள் கண்டதும் இதேதான். கூடவே மறுபக்கத்தையும் கண்டார்கள்: தாளில் நன்றாகப் போடும் பள்ளிப் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள்.

ஆக, இரண்டு கணக்குகளும் தாமாக ஒன்று சேர்வதில்லை. நாம்தான் சேர்த்துவைக்க வேண்டும். கணிதச் செயல்திட்டத்தின் வேலை அதுதான் என்பது என் கருத்து. தெர்மாகோல் வெட்டி, மினுக்குத்தாள் ஒட்டி, பெரும்பாலும் பெற்றோரே இரவு உட்கார்ந்து செய்து அனுப்பும் மாதிரிகள் கண்காட்சிக்கு அழகு. அதில் குழந்தை போட்ட கணக்கு எது என்று தேடினால் கிடைப்பதில்லை. என் வகுப்பில் ஒரே விதி: பொருளைத் தொடும் முன் ஊகத்தை நோட்டில் எழுத வேண்டும், அளந்த பிறகு, ஊகத்துக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை + − × ÷ குறிகளோடு எழுத வேண்டும். எழுதாமல் முடிந்தால் அது விளையாட்டு நேரம்.

எங்கள் ஊரில் எடுத்தவுடன் கிடைக்கும் பொருள் தேயிலை. முதலில் தராசு. சட்டை மாட்டும் ஹேங்கரின் இரு முனைகளிலும் நூலில் கட்டிய கொட்டாங்குச்சி போதும். எடைக்கற்களுக்கு மணலைச் சிறு துணிப்பைகளில் நிரப்பி, மளிகைக்கடை மின்னணுத் தராசில் ஒருமுறை நிறுத்து 10, 20, 50, 100 கிராம் என்று எழுதி வைத்துக்கொண்டோம். 100 மில்லி லிட்டர் தண்ணீர் 100 கிராம் என்பதால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அளவுக் குவளையில் தண்ணீர் ஊற்றிப் பைகளைச் சரிபார்த்தார்கள்.

பிறகு கேள்வி: 50 கிராம் கொழுந்தில் எத்தனை 'இரண்டு இலை ஒரு மொட்டு' இருக்கும்? ஊகங்கள் 15இலிருந்து 500 வரை வந்தன. எண்ணும்போது பத்துப் பத்தாக நூலில் கட்டச் சொன்னேன். கட்டுகள் பத்துகள், உதிரிகள் ஒன்றுகள். இடமதிப்புக்கு நாம் வழக்கமாகக் குச்சிக்கட்டு கொடுக்கிறோம், இங்கே கொழுந்துக்கட்டு. வீட்டில் படுகு பேசும் குழந்தை 'ஹத்து' என்று எண்ணினால் எண்ணட்டும். கட்டு கட்டுவது எந்த மொழியிலும் பத்துதான்.

ஒரே 50 கிராமுக்கு ஒரு குழுவுக்கு மட்டும் மற்றவர்களைவிடக் குறைவான கொழுந்து வந்தது. "நீ தப்பா எண்ணினே" என்று சண்டை. மறுபடி எண்ணியும் அதே விடை. அவர்களின் இலையைத் தொட்டுப் பார்த்த ஒரு பெண்தான் சொன்னாள்: "டீச்சர், இது ஈரமா இருக்கு. தண்ணியையும் சேர்த்துல்ல நிறுத்திருக்காங்க." பனியில் பறித்த இலை அது. அந்த இலையைத் துணியில் ஒற்றி எடுத்து மீண்டும் நிறுத்தோம். குறைந்த எடையைக் கழித்தல் கணக்காக எழுதினார்கள்.

இந்த இடத்தில் பாடம் வகுப்பறையைவிட்டு வெளியே போகிறது. சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும்போது ஈரத்துக்கும் பைக்கும் சேர்த்துக் கழிவு பிடிப்பது உண்டு. அது எவ்வளவு, எதற்காக என்பது பல வீடுகளில் வாக்குவாதமாகும் விஷயம். மூன்றாம் வகுப்புக்குக் கரும்பலகையில் ஒரு மாதிரிச் சீட்டு எழுதினேன்: மொத்த எடை 24 கிலோ, கழிவு 2 கிலோ, விலை கிலோ 20 ரூபாய். சிலர் முதலில் கழித்து 22 × 20 = 440 என்று போட்டார்கள். சிலர் 24 × 20 = 480 போட்டு, பிறகு 2 × 20 = 40ஐக் கழித்தார்கள். இரண்டும் ஒரே விடை ஏன் என்று கேட்டதும் கிடைத்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. பங்கீட்டுப் பண்பு என்ற பெயரைச் சொல்லாமலே அதைப் பேசி முடித்தோம். ஐந்தாம் வகுப்புக்குக் கொடுத்த சீட்டில் கழிவு என்ற வரியே இல்லை. நிகர எடை மட்டும். "அப்படின்னா வீட்டிலேயே நிறுத்துட்டுப் போனாத்தான் டீச்சர் தெரியும்" என்றது ஒரு குழந்தை.

ஓர் எச்சரிக்கை. வீட்டுச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். அதில் இருப்பது ஒரு குடும்பத்தின் வருமானம். நாற்பது கண்கள் அதைப் பார்க்க வேண்டியதில்லை. மாதிரிச் சீட்டை நாமே எழுதுவோம். வீட்டில் போய் என்ன செய்வது என்பதைக் குழந்தை பார்த்துக்கொள்ளும். சில வாரங்களுக்குப் பிறகு ஒரு தாய் பள்ளி வாசலில் நின்று, "இவ இப்பல்லாம் சீட்டை வாங்கி வாங்கிப் பார்க்கறா டீச்சர்" என்றார். புகாரா மகிழ்ச்சியா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

அதே தேயிலையில் இன்னொன்று. 100 கிராம் கொழுந்தைச் செய்தித்தாளில் பரப்பி, தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுத வேண்டும். எடை குறையாமல் நிற்கும்வரை தொடரலாம். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நான்கு கிலோவுக்கும் மேல் பச்சை இலை வேண்டும் என்பது இங்கே எல்லா வீட்டிலும் தெரிந்த செய்தி. அது கால் பங்கு என்ற பின்னமாகக் கட்டவரைபடத்தில் தெரியும்போதுதான் பிள்ளைகள் அதைக் கணக்காகப் பார்க்கிறார்கள். மழைக்காலத்தில் இதை முயல வேண்டாம், இலை காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். வெயில் அடிக்கும் ஜனவரி, பிப்ரவரி ஏற்றது.

தேயிலை இல்லாத ஊர்க்காரர்கள் கவலைப்பட வேண்டாம். பூ கட்டும் ஊரில் முழமும் சரமும் இருக்கின்றன. மீன் இறங்கும் ஊரில் கூடையும் ஏலமும் இருக்கின்றன.

அடுத்தது மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 10 செ.மீ. என்றால் 4 மீட்டர் 60 செ.மீ. கயிறு, எங்கள் தாழ்வாரத்துக்கு அளவெடுத்தது போல. குன்னூர் 28, வெலிங்டன் 29, அருவங்காடு 32, கேத்தி 38, லவ்டேல் 42. ஒவ்வொரு நிலையத்துக்கும் துணி மாட்டும் கிளிப்பில் ஒரு பெயர் அட்டை. இரண்டாம் வகுப்பு இதை எண்கோடாகப் பயன்படுத்துகிறது: அருவங்காட்டிலிருந்து உதகை எவ்வளவு தூரம்? நான்காம் வகுப்பு மீட்டர், சென்டிமீட்டராக மாற்றி எழுதுகிறது. ஐந்தாம் வகுப்புக்கு நேரம்: ஏறும்போது சுமார் 290 நிமிடம், இறங்கும்போது சுமார் 215. மணி, நிமிடமாக மாற்றி வித்தியாசம் காண வேண்டும். ஏறும் ரயில் ஒரு மணிக்குப் பத்து கிலோமீட்டர்கூடப் போவதில்லை என்று கண்டுபிடித்தபோது, "நான் ஓடியே போயிடுவேன்" என்றான் ஒருவன். ஓட முடியுமா என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு: கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையே 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். 120 செ.மீ. பலகையின் ஒரு முனையை 10 செ.மீ. உயர்த்தினால் அந்தச் சரிவு கண்முன் வந்துவிடும். பார்க்கக் கொஞ்சமாகத்தான் தெரியும். கோலிக்குண்டை வைத்தால் புரியும், ரயிலுக்கு ஏன் பல்சக்கரம் வேண்டியிருக்கிறது என்று.

மழைமானி செய்யும் பலரும் பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டுவார்கள். நீலகிரியில் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால், நேரான பக்கங்கள் கொண்ட கண்ணாடி ஜாடியை எடுத்து, வெளியே அளவுகோல் ஒட்டினோம். வாயும் அடியும் ஒரே அகலமாக இருந்தால் மில்லிமீட்டரை நேரடியாகப் படிக்கலாம். கூடலூர்ப் பக்கம் ஆசிரியர் யாராவது இதே வேலையைச் செய்தால் எங்களோடு ஒப்பிடலாம். அங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது இங்கே குறைவு. எங்களுக்கு அக்டோபர், நவம்பர்தான். இரண்டு பள்ளிகளின் கட்டவரைபடங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் சமூக அறிவியலுக்கும் ஆகும்.

ஒன்றும் கிடைக்காத நாளுக்குப் பழைய மாதக் காலண்டர். 3 × 3 கட்டம் ஒன்றை வரைந்து ஒன்பது தேதிகளையும் கூட்டச் சொல்லுங்கள். அவர்கள் கூட்டி முடிப்பதற்குள் நீங்கள் நடு எண்ணை 9ஆல் பெருக்கி விடை சொல்லிவிடலாம். "எப்படி டீச்சர்?" என்று கேட்பார்கள். சொல்லாதீர்கள், இரண்டு நாள் போகட்டும். சென்னையில் கணித ஆசிரியராக இருந்து, 1993இல் இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகத்தை உருவாக்கிய பி. கே. சீனிவாசன், செலவில்லாத பொருள்களைக் கொண்டே குழந்தைகளைக் கணக்குக்குள் இழுத்தவர். டிசம்பர் 22இல் தேசியக் கணித நாள் கொண்டாடும்போது இராமானுஜன் படத்தோடு அவரைப் பற்றியும் பிள்ளைகளிடம் இரண்டு வார்த்தை சொல்லலாம்.

ஈராசிரியர் பள்ளியில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பீர்கள். வாரத்துக்கு ஒரு பிற்பகல், ஐந்து வகுப்பும் ஒரே பொருள். ஒன்றாம் வகுப்பு எண்ணும், மூன்றாம் வகுப்பு கழிக்கும், ஐந்தாம் வகுப்பு வரைபடம் போடும். நோட்டில் பக்கத்தை இரண்டாக மடித்து, இடது பக்கம் ஊகம், வலது பக்கம் அளவு, அடியில் கணக்கு. ஊகத்தை அழித்துத் திருத்த அனுமதி இல்லை என்பதால் அன்று ரப்பர்கள் என் மேசையில் இருக்கும்.