லாரி ஓட்டுநரும் கைபேசியும்

பெங்களூரு நகரில், மல்லேசுவரத்தை அடுத்து அமைந்துள்ளது ஸ்ரீராம்புரம். தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக நெருங்கி வாழ்ந்துவரும் பகுதி அது. 2014-ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் மெட்ரோ ரயில் அப்பகுதியைத் தொட்டுச் செல்கின்றது. அதே பாதையில் மேலும் வடமேற்கே சென்றால் யஷ்வந்த்பூரும் பீனியா தொழிற்பேட்டையும் வருகின்றன. அங்கிருந்து சரக்கு லாரிகள் தும்கூர் சாலை வழியே வெளியூர்களுக்குச் செல்கின்றன. சிறு சரக்கு வண்டிகளோ நகரின் குறுகிய தெருக்களுக்குள்ளும் நுழைகின்றன. நடப்போரும், பள்ளிச் சிறுவரும், இருசக்கர வண்டிகளும் அதே தெருக்களைப் பயன்படுத்துகின்றனர்.

இத்தகைய பகுதியில் பணியாற்றும் களப்பணியாளரும் ஆசிரியரும் நன்கு அறிந்து பிறர்க்கு விளக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு. சரக்கு வண்டி ஓட்டுங்கால் கைபேசியைப் பயன்படுத்தக்கூடாது என்னும் விதியே அது. அவ்விதியைப் பலரும் அறிவர். அதன் காரணத்தை அறிந்தோர் சிலரே. கையில் ஒரு பொருளைப் பிடித்திருப்பதனால் மட்டும் ஆபத்து விளைவதில்லை. கவனம் சாலையை விட்டு அகல்வதனாலேயே விளைகின்றது. மேலும், அக்கவனத்தைக் கலைப்பவர் ஓட்டுநர் ஒருவரே அல்லர். மறுமுனையில் அழைப்பவருக்கும் அதில் பங்கு உண்டு. இவ்விரு கருத்துகளையும் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. கவனம் சிதறும் வகைகள்

வண்டி ஓட்டுவோரின் கவனச் சிதறலை மூவகையாகப் பிரிக்கலாம். கண் சாலையை விட்டு அகலுதல் முதல் வகை. கை வளையத்தை விட்டு நீங்குதல் இரண்டாம் வகை. கண்ணும் கையும் உரிய இடத்தில் இருப்பினும், மனம் வேறொன்றில் ஈடுபடுதல் மூன்றாம் வகை. கைபேசியில் செய்தி எழுதுபவரிடம் இம்மூன்றும் ஒருங்கே நிகழ்கின்றன. காதில் கருவியைப் பொருத்திக்கொண்டு பேசுபவரிடம் முதலிரண்டும் குறையலாம், மூன்றாவது குறைவதில்லை. கண் ஒரு பொருளின்மீது படிந்திருந்தும், மனம் உரையாடலில் ஆழ்ந்திருப்பின், மூளை அப்பொருளை உணராமல் விட்டுவிடக்கூடும்.

இது வெறும் ஊகமன்று. கனடாவின் டொராண்டோ நகரில் கைபேசி வைத்திருந்த 699 ஓட்டுநர்களின் விபத்துகளும் அழைப்புப் பதிவுகளும் ஆராயப்பட்டு, முடிவுகள் 1997-இல் வெளியாயின. கைபேசியைப் பயன்படுத்தும் வேளையில் விபத்து நேரும் வாய்ப்பு நான்கு மடங்குக்குச் சற்று அதிகமாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 2005-இல் வெளியான ஆராய்ச்சியும் ஏறத்தாழ அதே அளவைக் கண்டது. கருவியைக் கையில் பிடிக்காமல் பேசுவதால் ஆபத்து குறைந்ததாக இரண்டு ஆராய்ச்சிகளிலும் தெரியவில்லை.

2. தூரக் கணக்கு

அமெரிக்காவில் லாரிகளில் படக்கருவிகளைப் பொருத்தி நிகழ்த்தப்பட்ட ஆராய்ச்சியின் முடிவுகள் 2009-இல் வெளியாயின. செய்தி எழுதும் லாரி ஓட்டுநர், ஆபத்து நேர்ந்த அல்லது நேரவிருந்த சம்பவங்களில், 6 வினாடிகளுள் சராசரி 4.6 வினாடிகள் சாலையைப் பார்க்கவில்லை என்று அதில் தெரியவந்தது. அக்காலத்தில் வண்டி எவ்வளவு தூரம் செல்லும் என்பதை மாணவரும் கணக்கிடலாம்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 11.1 மீட்டர் கடக்கும், 4.6 வினாடிகளில் 51 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு 16.7 மீட்டர், 4.6 வினாடிகளில் ஏறத்தாழ 77 மீட்டர். அத்தூரம் முழுவதும் வண்டி, கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டப்படும் வண்டிக்கு ஒப்பாகும்.

லாரியின் பாரம் இவ்வாபத்தைப் பெருக்குகின்றது. 2018-இல் திருத்தப்பட்ட வரம்பின்படி, ஈரச்சு லாரி சரக்குடன் 18.5 டன் வரை இருக்கலாம். அதே வேகத்தில் செல்லும் ஒரு டன் காரைவிட அதன் இயக்க ஆற்றல் 18.5 மடங்காகும். நிறுத்துங்கால் இவ்வாற்றல் முழுவதும் பிரேக்குகளில் வெப்பமாக மாறவேண்டும். அன்றியும், காற்றழுத்தப் பிரேக்குகளில், மிதியை அழுத்திய பின் காற்று குழாய்களின் வழியே சக்கரங்களை அடைந்து வேலைசெய்யச் சிறிது நேரம் கழிகின்றது. கார் ஓட்டுநர் செய்யும் பிழையைவிட லாரி ஓட்டுநரின் பிழை ஏன் கொடிதாக முடிகின்றது என்பது இதனால் விளங்கும்.

3. சட்டம் கூறுவது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு ஆபத்தான முறையில் ஓட்டுவதைக் குற்றமாக்குகின்றது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், ஓட்டுங்கால் கையில் ஏந்தும் செய்தித் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துதலையும் அப்பிரிவில் வெளிப்படையாகச் சேர்த்தது. திருத்தப்பட்ட பிரிவின்படி முதற் குற்றத்துக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமலும் ஓராண்டுக்கு மேற்படாமலும் சிறைத் தண்டனை, அல்லது 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மூன்றாண்டுகளுக்குள் மீண்டும் செய்தால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

2020-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம் ஒரு விலக்கை அளித்தது. வழி அறிவதற்காக மட்டும், ஓட்டுநரின் கவனத்தைக் கலைக்காத முறையில் கருவியைப் பயன்படுத்தலாம் என்பதே அவ்விலக்கு. வழியைக் காட்டும் பொருட்டு முன்கண்ணாடியருகே பொருத்திய கைபேசியில் வாடகை அழைப்புகளைத் தேடுவதும், செய்திகளைப் படிப்பதும் இவ்விலக்கில் அடங்கா.

லாரி ஓட்டுநரை அபராதத்தைவிட அதிகமாகப் பாதிப்பது லைசென்ஸ் நிறுத்தமே. கைபேசி பயன்படுத்தியோரின் லைசென்ஸைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்குமாறு, உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இல் மாநிலங்களுக்குப் பணித்தது. லைசென்ஸ் இன்றி லாரி ஓட்ட இயலாது. மூன்று மாத நிறுத்தம் என்பது மூன்று மாத ஊதியத்தின் இழப்பு. பெங்களூரில் 2022 டிசம்பரில் 50 சந்திப்புகளில் தானியங்கிக் கண்காணிப்புக் கருவிகள் தொடங்கிவைக்கப்பட்டன. காவலர் இல்லாத இடத்திலும் குற்றம் பதிவாகக்கூடும் என்பதை ஓட்டுநர் அறிந்திருத்தல் நலம்.

4. அழைப்பவரின் பொறுப்பு

லாரி ஓட்டுநரை அழைப்போர் யாவர்? சரக்கு எங்கே வந்துகொண்டிருக்கின்றது என்று கேட்கும் உரிமையாளர். அடுத்த சுமையை உறுதிசெய்ய விழையும் தரகர். எப்போது வீடு திரும்புவார் என்று அறிய விரும்பும் குடும்பத்தினர். ஊதியம் தருபவரின் அழைப்பை மறுப்பது ஓட்டுநருக்கு எளிதன்று. ஆகவே, ஓட்டுநருக்கு மட்டும் அறிவுரை கூறுவதால் பயன் முழுமையாகாது.

சட்டமும் இதனைக் கருதியுள்ளது. 184-ஆம் பிரிவின்படியான குற்றத்துக்கு உடந்தையாயிருப்பவருக்கும் அக்குற்றத்துக்குரிய தண்டனையே விதிக்கப்படலாம் என்று 188-ஆம் பிரிவு கூறுகின்றது. குறிப்பிட்ட ஓர் அழைப்பு உடந்தையாகுமா என்பது அவ்வழக்கின் சான்றுகளைப் பொறுத்ததே. ஆயினும், ஓடும் வண்டியில் பேசும்படி வற்புறுத்தும் உரிமையாளர் தமக்குப் பொறுப்பில்லை என்று கருதிவிட இயலாது. அமெரிக்காவில் 2012 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதி இதனை மேலும் தெளிவாக்கியது. வணிக லாரி, பஸ் ஓட்டுநர்கள் கைபேசியைக் கையில் பிடித்துப் பேசுவதை அது தடுத்தது. அதனை அனுமதிக்கும் அல்லது கட்டாயப்படுத்தும் நிறுவனத்துக்கு ஓட்டுநரைவிட மிகுதியான அபராதத்தை வகுத்தது. போக்குவரத்து விளக்கில் நின்றிருக்கும் வேளையையும் ‘ஓட்டும் வேளை’ என்றே அவ்விதி கொள்கின்றது.

5. வகுப்பறைச் சோதனை

தேவையானவை: ஒரு மீட்டர் அளவுகோல், தாள், பென்சில்.

ஒரு மாணவர் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சிறிது விரித்து வைத்துக்கொள்க. மற்றொருவர் அளவுகோலின் பூஜ்யக் குறி அவ்விரல்களுக்கிடையே இருக்குமாறு செங்குத்தாகப் பிடித்து, முன்னறிவிப்பின்றி விடுக. பிடித்த இடத்தின் அளவைக் குறிக்க. பத்து முறை செய்து சராசரி காண்க. பின்னர், பிடிக்கும் மாணவர் 100-இலிருந்து ஏழேழாகக் கழித்து உரக்கச் சொல்லிக்கொண்டிருக்க, மீண்டும் பத்து முறை செய்க.

அளவுகோல் 20 சென்டிமீட்டர் விழ 0.20 வினாடியும், 30 சென்டிமீட்டர் விழ 0.25 வினாடியும், 45 சென்டிமீட்டர் விழ 0.30 வினாடியும் ஆகும். இரு சராசரிகளையும் நேரமாக மாற்றி ஒப்பிடுக. இரண்டாம் முறையிலும் கை தடையின்றி இருந்தது, கண் அளவுகோலைப் பார்த்துக்கொண்டிருந்தது; மனம் மட்டுமே பிரிந்திருந்தது. இதனை மாணவர்க்கு எடுத்துக்காட்டுதல் வேண்டும். பத்தில் ஒரு வினாடித் தாமதத்துக்குள், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரி 1.7 மீட்டர் கூடுதலாகச் சென்றுவிடும். சாலையைக் கடக்கும் சிறுவன் ஓரிரு அடி எடுத்துவைக்கும் தூரம் அது.

6. செய்யத்தக்கவை

களப்பணியாளர் ஓட்டுநர், உரிமையாளர், தரகர் ஆகிய மூவரையும் ஒரே கூட்டத்தில் அமர்த்திப் பேசுதல் நன்று. புறப்படுமுன் வழியையும் இறக்குமிடத்தையும் கைபேசியில் குறித்துக்கொள்ளுதல். இன்ன நேரத்தில், இன்ன இடத்தில் வண்டியை நிறுத்திப் பேசுவது என்று முன்னரே முடிவுசெய்தல். உதவியாளர் உடன் செல்லின் கைபேசியை அவரிடம் ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் செலவின்றிக் கைக்கொள்ளத்தக்க முறைகள். ஓட்டுநர் அழைப்பை எடுக்காதது கீழ்ப்படியாமை ஆகாது என்பதை உரிமையாளர் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

ஆசிரியர், ஓட்டுநர் குடும்பங்களின் பிள்ளைகளிடம் ஒரு சிறு பழக்கத்தை வளர்க்கலாம். தந்தையை அழைக்கும்போது, ‘வண்டி ஓடுகின்றதா, நிற்கின்றதா?’ என்பதே முதற் கேள்வியாதல் வேண்டும். ஓடுகின்றது என்றால், மறுசொல் பேசாது அழைப்பை முடித்துவிடுதல் வேண்டும்.

வினாக்கள்

1. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரி 4.6 வினாடிகளில் எத்தனை மீட்டர் செல்லும்?
2. கருவியைக் கையில் பிடிக்காமல் பேசினாலும் ஆபத்து ஏன் நீங்குவதில்லை?
3. வழி அறிவதற்கான விலக்கு எவ்வெவற்றை அனுமதிப்பதில்லை?
4. தங்கள் பகுதியில் லாரிகளைப் பாதுகாப்பாக நிறுத்திப் பேசத்தக்க இடங்கள் எவை? படம் வரைந்து குறிக்க.