லோன் விசாரிச்சது ஒரு தடவை, போன் வந்தது மூணு வாரம்: உங்க நம்பரை காப்பாத்துற சட்டங்கள்



சம்பளம் கிரெடிட் ஆன மெசேஜ் வருதோ இல்லையோ, "உங்களுக்கு 5 லட்சம் ப்ரீ-அப்ரூவ்டு லோன்" மெசேஜ் கண்டிப்பா வந்துடும். இதை எப்படி நிறுத்துறதுன்னு போன வீடியோவுக்குக் கீழ நிறைய பேர் கேட்டிருந்தீங்க. முதல்ல நான் பட்ட கதையைச் சொல்லிடறேன்.

பைக் லோனுக்கு வட்டி எவ்வளவுன்னு பார்க்க ஒரு ஒப்பீட்டுத் தளத்துல போன் நம்பர் கொடுத்தேன். வட்டி திரையில வர்றதுக்கு முன்னாடியே முதல் கால் வந்துடுச்சு. அடுத்த மூணு வாரம் தினமும் ஏழெட்டு கால். வெறுத்துப்போய், தெரியாத நம்பர் எதையும் எடுக்கிறதையே விட்டுட்டேன். அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னைக்கு, பக்கத்து பெட்காரர் போன்ல இருந்து அம்மா கூப்பிட்ட காலையும் அப்படித்தான் கட் பண்ணினேன்.

டிஎன்டி போட்டிருந்தேனே, எப்படி இத்தனை கால்? திரும்பப் போய் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். பட்டனுக்குக் கீழ பொடி எழுத்துல, "டிஎன்டி பதிவு இருந்தாலும் நாங்களும் எங்கள் பார்ட்னர்களும் அழைக்கச் சம்மதிக்கிறேன்." அதுல டிக்கும் அவங்களே போட்டு வெச்சிருந்தாங்க.

பாடம் இதுதான்: டிஎன்டி ஒரு பூட்டு. சம்மதம் அதோட சாவி.

டிராய் விதி என்ன சொல்லுது?

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2018-ல வணிக அழைப்புகளுக்கும் மெசேஜ்களுக்கும் விதிகள் கொண்டுவந்தது. 2025-ல அதை இன்னும் இறுக்கியது. மெசேஜ் அனுப்புற நிறுவனம் தன் பெயர், அனுப்புநர் குறியீடு, மெசேஜ் மாதிரி எல்லாத்தையும் முன்கூட்டியே பதிவு செய்யணும்.

நாம அடையாளம் காண்பது எப்படி?

- அனுப்புநர் பெயரோட கடைசி எழுத்து 'பி' என்றால் விளம்பரம், 'எஸ்' என்றால் சேவை, 'டி' என்றால் ஓடிபி போன்ற பரிவர்த்தனை, 'ஜி' என்றால் அரசு.
- 140-ல் தொடங்கும் எண் விளம்பர அழைப்புக்கு.
- 1600-ல் தொடங்கும் எண் வங்கி, இன்சூரன்ஸ் போன்ற நிறுவனங்களின் சேவை அழைப்புக்கு.

சாதாரண 10 இலக்க மொபைல் நம்பர்ல இருந்து லோன் விற்கிறாங்கன்னா, அது விதிமீறல். அதேநேரம், எந்த நம்பர்ல இருந்து வந்தாலும் ஓடிபி மட்டும் சொல்லவே கூடாது.

சம்மதம்னா என்ன?

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் இதைத் தெளிவா வரையறுக்குது. சம்மதம் கட்டாயமில்லாம, குறிப்பிட்ட நோக்கத்துக்கு மட்டும், விவரம் தெரிஞ்சு தரப்படணும். கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமா இருக்கணும்.

சட்டத்திலேயே ஒரு உதாரணம் இருக்கு. ஒரு டெலிமெடிசின் ஆப் உங்க கான்டாக்ட் லிஸ்ட்டையும் கேட்குது, நீங்களும் சரின்னு சொல்லிடறீங்க. ஆனா வைத்திய ஆலோசனைக்கு கான்டாக்ட் லிஸ்ட் தேவையில்லை. அதனால அந்தச் சம்மதம் ஆலோசனைக்கு மட்டும்தான் செல்லும்.

இதுக்கான விதிகள் 2025 நவம்பர்ல வெளியாச்சு. ஆனா நிறுவனங்கள் தயாராக 18 மாசம் அவகாசம் இருக்கு. தரவைப் பாதுகாக்கத் தவறினா அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அந்தப் பணம் போறது அரசு கஜானாவுக்கு, நமக்கு இல்ல. அதனால நம்பரைக் கொடுக்கும் முன்னாடி யோசிக்கிறதுதான் நமக்கு லாபம்.

லோன் ஆப் விஷயத்துல ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிடுச்சு: கான்டாக்ட், கால் லாக், போட்டோ ஃபைல்களை அந்த ஆப்கள் தொடக்கூடாது. கேட்டா, அந்த ஆப்பை அப்பவே அழிச்சிடுங்க.

இன்னைக்கே செய்ய வேண்டியது

1. 1909-க்கு கால் பண்ணி, அல்லது உங்க சிம் நிறுவனத்தோட ஆப்ல, விளம்பரங்களை முழுசா பிளாக் பண்ணுங்க.
2. ஸ்பேம் வந்தா 7 நாளுக்குள்ள புகார் கொடுங்க. அனுப்பின நம்பர், தேதி, என்ன சொன்னாங்க என்ற மூணும் போதும். டிராயின் டிஎன்டி ஆப்லயும் கொடுக்கலாம். 10 இலக்க நம்பர் மேல புகார் கொடுக்க, டிஎன்டி பதிவு இருக்கணும்னுகூட இல்ல.
3. எந்தப் படிவத்திலும் 'சமர்ப்பி' அழுத்தும் முன்னாடி, கீழ இருக்கிற டிக்கை எடுத்துட்டு முயற்சி பண்ணுங்க.

சைடு பிசினஸ் பண்றவங்க கவனிங்க

வேலைக்குப் போயிட்டே பார்ட் டைமா இன்சூரன்ஸ், மனை, ஆன்லைன் கோர்ஸ் விற்கிறவங்க நம்மள்ல நிறைய பேர். யாரோ கொடுத்த நம்பர் லிஸ்ட்டை வெச்சு சொந்த சிம்ல இருந்து வரிசையா கூப்பிடாதீங்க. 10 நாளுக்குள்ள 5 புகார் வந்தாலே நடவடிக்கை தொடங்கலாம். முதல் தடவை நிரூபணமானா 15 நாள் அவுட்கோயிங் கட். மறுபடி நடந்தா, உங்க பேர்ல இருக்கிற எல்லா இணைப்பும் ஒரு வருஷம் துண்டிக்கப்படும். வங்கி ஓடிபி, யுபிஐ எல்லாம் அந்த சிம்லதானே இருக்கு? ஒரு பாலிசி கமிஷனுக்காக அதைப் பணயம் வைக்காதீங்க.

உங்ககிட்ட நம்பர் கேட்கிற அடுத்த ஆளுக்கு ஒரே ஒரு கேள்வி: "இது எதுக்கு?" பதில் சரியா வரலைன்னா, நம்பரும் போக வேண்டாம்.