ஆறு இனிங்ஸில் ஒரே ஒரு ஓட்டம்

கடையில் சேர்ந்த பொடியன் பில் போடுவதில் இரண்டு தரம் பிழை விட்டால், "இவன் சரிவரமாட்டான்" என்று கணக்கு முடித்து அனுப்பிவிடும் முதலாளிமார் நம் கல்முனைப் பகுதியில் பலர். அவர்கள் மர்வன் அத்தபத்துவின் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1990இல் சண்டிகரில் அவருடைய முதல் டெஸ்ட்: 0, 0. 1992இல் கொழும்பில்: 0, 1. 1994இல் அகமதாபாத்தில்: 0, 0. ஒவ்வொரு தடவையும் அணியிலிருந்து நீக்கப்பட்டார். ஆனால் உள்ளூரில் எஸ்.எஸ்.சி. கழகத்துக்கு ஆடி ஓட்டம் குவித்தார். 1997இல் மீண்டும் அழைத்தார்கள். 2007இல் ஓய்வு பெறும்போது 90 டெஸ்ட், 5,502 ஓட்டம், 16 சதம். அதில் ஆறு இரட்டைச் சதம். அணித் தலைவராகவும் இருந்தார்.

பெரிய மைதானத்தில் தடுமாறியவருக்குத் தேறிவர ஒரு சிறிய மைதானம் இருந்தது. அமெரிக்காவின் பேஸ்போல் அணிகள் இதற்கென்றே கீழ்நிலை அணிகளை வைத்து இளைஞரைப் படிப்படியாக ஏற்றுகின்றன.

நம்மிடமும் அப்படி ஓர் இடம் உண்டு: ஸ்டோர். கல்லாவில் தடுமாறுகிறவனை வீட்டுக்கு அனுப்பாமல் அங்கே அனுப்புங்கள். சரக்கு இறக்கட்டும், இருப்பு எண்ணட்டும், விலை மனப்பாடமாகட்டும். மாதம் ஒருமுறை நீங்களே சோதித்துப் பாருங்கள். தேறியதும் கல்லாவில் இருத்துங்கள். நான் என் கடையில் இப்படித்தான் செய்கிறேன்.

அவசரப்பட்டு அனுப்பினால், அவன் பாதி படித்த தொழிலோடு எதிர்க்கடையில் ஏறுவான், அல்லது கட்டாருக்குப் போவான். பழக்கிய செலவு நமக்கு, இலாபம் அடுத்தவருக்கு. இந்த நட்டத்தை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது?