பைக்கில் சார்ஜர் பாயின்ட்: பியூஸ் இல்லாமல் வேண்டாம்



நமது டிரஸ்டில் அழகிய கடன் பெற்று பைக் வாங்கிய தம்பிகள் பலர் தாம்பரம், சேலையூர், முடிச்சூர் பகுதிகளில் உணவு டெலிவரி செய்கிறார்கள். போன் அணைந்தால் அன்றைய பிழைப்பு நின்றுவிடும் என்பதால் ஹேண்டிலில் சார்ஜர் பாயின்ட் பொருத்திக்கொள்கிறார்கள். நியாயமான தேவைதான். ஆனால் சென்ற மழைக்காலத்தில் ஒரு தம்பியின் வண்டியில் வயர் உருகி, சீட்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. அல்ஹம்துலில்லாஹ், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்து நாள் வருமானம் போயிற்று. பிரித்துப் பார்த்தால், பியூஸே வைக்கவில்லை.

காரணம் இதுதான். வண்டியின் இரும்புச் சட்டம் பேட்டரியின் மைனஸோடு இணைந்தது. ஹேண்டில் திரும்பும் இடத்தில் பிளஸ் வயர் உரசித் தோல் கிழிந்து சட்டத்தைத் தொட்டால், பேட்டரியின் முழு வேகமும் அந்த வயரில் பாயும். சில வினாடிகளில் வயர் பழுத்துவிடும். மேலே பெட்ரோல் டேங்க்! பியூஸ் இருந்தால் அது முதலில் அறுந்து மின்சாரத்தை நிறுத்திவிடும்.

மெக்கானிக்கிடம் கேட்டுச் செய்ய வேண்டியவை:

1. வேலை தொடங்குமுன் பேட்டரியின் மைனஸ் வயரை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும்.

2. பேட்டரி பிளஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். 10 வாட் போன் சார்ஜர் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 1 ஆம்பியர்தான் எடுக்கும். 3 ஆம்பியர் பியூஸ் போதும். அறுந்தால் பெரிய பியூஸ் போடாதீர்கள், கோளாறைத் தேடுங்கள்.

3. சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும்படி ரிலே வைக்க வேண்டும். சிறிய பைக்குகள் பலவற்றில் 3 ஆம்பியர்-மணி பேட்டரிதான். இன்ஜின் ஓடாமல் சார்ஜ் ஏற்றினால் மூன்று மணி நேரத்தில் காலியாகிவிடும்.

4. ஹெட்லைட் வயரில் ஒட்டுப் போட வேண்டாம். பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதில்லை. இன்ஜின் தரும் ஏ.சி. மின்சாரத்தில் எரிகிறது. சார்ஜர் கெட்டுவிடும்.

5. வயர் சைலன்சரைத் தொடக் கூடாது. ஹேண்டிலை இருபுறமும் முழுதாகத் திருப்பி, வயர் இழுபடுகிறதா என்று பாருங்கள். பாயின்டுக்கு ரப்பர் மூடி அவசியம்.

6. வாரண்டி உள்ள வண்டியென்றால் முதலில் கம்பெனி சர்வீஸில் கேளுங்கள்.

இன்னொன்று: வண்டி ஓட்டும்போது போனைக் கையில் எடுப்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில் குற்றம். வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாதபடி ஸ்டாண்டில் வைத்துப் பயன்படுத்தலாம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். நம் வண்டிக்கு அந்தக் கயிறு, சில ரூபாய் பெறும் பியூஸ். உடலும் அமானத், கடனில் வாங்கிய வண்டியும் அமானத். ஏற்கெனவே பாயின்ட் பொருத்தியவர்கள் இன்றே சீட்டைக் கழற்றிப் பாருங்கள். வீட்டிலுள்ள பெற்றோரும் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்